கிறிஸ்துமஸ் சிவப்புப் பானத்துக்கு வேலிச் செம்பருத்தி உதவாது

கேள்வி இதுதான்: "அக்கா, எங்கள் வீடு களியக்காவிளைக்குப் பக்கம். கிறிஸ்துமஸ் இரவில் உறவுக்காரர்கள் நாற்பது பேர் கூடுகிறோம். ஜமைக்காவில் பண்டிகைக்குக் குடிக்கும் மசாலா போட்ட செம்பருத்திப் பானம் செய்ய ஆசை. ஒத்திகையாக, வேலியில் நிற்கும் செம்பருத்திப் பூவை இஞ்சி, கிராம்போடு அரை மணி நேரம் கொதிக்கவைத்தேன். சிவப்பு வரவில்லை. ஊதாவும் பச்சையும் கலந்து ஒரு நிறம், புளிப்பு துளியும் இல்லை, வாயில் வழுவழுவென்று வேறு இருக்கிறது. எங்கே தவறினேன்?"

உங்கள் கைப்பக்குவத்தில் பெரிய குறை இல்லை. பறித்த செடிதான் வேறு.

வேலியில் நிற்பது நம் சாமிப்பூச் செம்பருத்தி. அதன் இதழில் நிறம் உண்டு, புளிப்பு இல்லை. நீங்கள் தேடும் பானத்துக்குரியது அதன் ஒன்றுவிட்ட தங்கை: புளிச்சக்கீரை இனத்தில் சிவப்பாகக் காய்க்கும் வகை. ஆந்திரக்காரர்கள் கோங்குரா என்று துவையல் அரைக்கும் கீரைக்கு நெருங்கிய சொந்தம். அதிலும் பானத்துக்குப் பூ தேவைப்படாது. பூ ஒரு நாள் விரிந்து உதிர்ந்துவிடும். அதைத் தாங்கி நின்ற புல்லிவட்டம் அதற்குப் பிறகு சதைபிடித்து, ரத்தச் சிவப்பாகி, உள்ளே இருக்கும் விதைக்காயை மூடிக்கொண்டு நிற்கும். அந்தச் சிவப்புத் தோடுதான் சரக்கு. கடைகளில் "செம்பருத்திப் பூ" என்றும் "ஹைபிஸ்கஸ் டீ" என்றும் விற்பதால் பாதிப்பேர் உங்களைப் போலவே வேலிக்கு ஓடுகிறார்கள்.

நீங்கள் கண்ட ஊதா நிறத்துக்கும் காரணம் உண்டு. இரண்டு செடிகளிலும் சிவப்பைத் தருவது ஆந்தோசயனின் என்ற நிறமி. புளிப்பு இருந்தால் அது சிவக்கும். புளிப்பு இல்லாமல், ஆழ்துளைக் கிணற்று உப்புத் தண்ணீரும் சேர்ந்தால் ஊதா, நீலம், பச்சை என்று மாறிக்கொண்டே போகும். நீங்கள் செய்ததில் அரை மூடி எலுமிச்சை பிழிந்திருந்தால் கண் முன்னாலேயே ரோஜா நிறத்துக்குத் திரும்பியிருக்கும். அதுவும் நல்ல சர்பத்துதான். குழந்தைகளுக்கு வேடிக்கை காட்ட அதைவிடச் சிறந்தது இல்லை. ஆனால் அது வேறு பானம். கிராம்பையும் இஞ்சியையும் தாங்கும் உடம்பு அதற்குக் கிடையாது.

இனி நம் செடி. கேரள எல்லைக்கு அந்தப் பக்கம், பாறசாலை, நெய்யாற்றின்கரைப் பகுதியில் யாரிடமாவது மத்திப்புளி, புளிவெண்டை, மீன்புளி என்று கேட்டுப் பாருங்கள். குடம்புளி தீர்ந்துபோன வீடுகளில் மீன்குழம்பில் இரண்டு தோட்டைக் கிள்ளிப் போடுவார்கள்; மீன்புளி என்ற பெயரே வேலையைச் சொல்லிவிடுகிறது. எங்கள் மாமியார் வீட்டுக் கிணற்றடியில் ஆள் உயரத்துக்கு மூன்று செடி நின்றது. சாளைக்குழம்புக்கு மட்டுமே ஆகும் என்று நாற்பது ஆண்டுகளாக நினைத்திருந்த அவரிடம், இதை இனிப்புப் போட்டுக் குடிக்கப் போகிறேன் என்றபோது, "மக்களே, மீன்சட்டியில் கிடக்கிற சாதனத்தையா?" என்று கேட்டார். ஒரு தம்ளர் குடித்த பிறகு கேட்கவில்லை.

நான் இதைக் கற்றது ஊரில் அல்ல. சவூதியில் பதினோரு ஆண்டுகள் செவிலியராக இருந்தேன். உடன் வேலை பார்த்த சூடான் நாட்டுப் பெண் ஒருவர் நோன்புக் காலத்தில் பெரிய கண்ணாடிக் குடுவையில் இருண்ட சிவப்பாக ஒன்று கொண்டுவருவார். கர்கதே என்றார். சூடானிலும் எகிப்திலும் கல்யாண வீடுகளில் அதுதான் முதல் உபசாரம். செனகலில் பிசாப், நைஜீரியாவில் சோபோ, மெக்சிகோவில் ஜமைக்காத் தண்ணீர் என்று பெயர்தான் மாறுகிறது. ஜமைக்காவில் இதற்குப் பெயர் சாரல். முதன்முறை காதில் விழுந்தபோது குற்றாலந்தான் நினைவுக்கு வந்தது. அட்லாண்டிக்கைக் கடந்து அடிமைகளாகக் கொண்டுபோகப்பட்ட ஆப்பிரிக்க மக்களோடு இந்தச் செடியும் கரீபியத் தீவுகளுக்குப் போய்ச் சேர்ந்தது. 1707ஆம் ஆண்டிலேயே ஜமைக்காவில் பயிராகிக்கொண்டிருந்தது. மேற்கு ஆப்பிரிக்காவில் அன்றாடப் பானமாக இருந்தது அங்கே கிறிஸ்துமஸ் பானம் ஆனதற்குக் காரணம் சமயம் அல்ல, செடியின் கணக்கு. பகல் நீளம் குறையத் தொடங்கிய பிறகுதான் இது பூக்கும். எனவே நவம்பர் கடைசியில் தோடு முற்றி, டிசம்பரில் கூடை கூடையாகச் சந்தைக்கு வரும். நாமும் பூமத்தியரேகைக்கு அதே வடக்குப் பக்கத்தில் இருக்கிறோம். ஆகவே ஜூன் மழைக்கு விதைத்தால் நமக்கும் கிறிஸ்துமஸுக்குத்தான் காய்க்கிறது.

இந்த ஆண்டு விதைக்க நேரம் கடந்துவிட்டது. பச்சைத் தோடு கிடைத்தால் நல்லது. கிடைக்காவிட்டால் உலர்ந்தது வாங்குங்கள். வாங்கும்போது ஒன்றை எடுத்து வாயில் போட்டுக் கடியுங்கள். காய்ந்த தோலைப் போல் விறைப்பாக, அடி கனத்து, நுனி ஐந்து விரலாகப் பிரிந்து, கருஞ்சிவப்பாக இருக்க வேண்டும். கடித்த மறுநொடி நாக்கோரம் கூச வேண்டும். காகிதம் மாதிரி மெல்லியதாக நொறுங்கி, புளிக்கவே இல்லை என்றால் அது தலைக்கு எண்ணெய் காய்ச்சும் செம்பருத்தி இதழ். நாட்டுமருந்துக் கடையில் "செம்பருத்திப்பூ" என்று கேட்டால் அதைத்தான் கொடுப்பார்கள். அவர்கள் மேல் தவறில்லை. தூளாக வாங்க வேண்டாம். தூளில் எது இருக்கிறது என்று கண்டுபிடிக்க முடியாது, வடிகட்டவும் முடியாது. பழுப்பேறிய சரக்கும் வேண்டாம். இரண்டு மழைக்காலம் பார்த்த சரக்கு அது. புளிப்பு இருக்கும், நிறமும் மணமும் போயிருக்கும்.

பச்சையாகக் கிடைத்தால் ஒரு வேலை கூடும். அடிக்காம்பை ஒட்டிக் கத்தியால் வட்டமாகக் கீறி, கட்டைவிரலால் உந்தினால் பச்சை நிற விதைக்காய் பிதுங்கி வெளியே வரும். காயின் மேல் நுண்ணிய முடி இருக்கும், விரலில் அரிக்கும்; கையில் தேங்காயெண்ணெய் தடவிக்கொண்டால் தொந்தரவில்லை. பத்துக் கிலோ பச்சைத் தோடு காய்ந்தால் ஒரு கிலோதான் தேறும். நம் ஊர் டிசம்பரில் வெயிலை நம்பி உலர்த்துவது சீட்டு ஆடுவது மாதிரி. பக்கத்துத் தோட்டக்காரர் ஒருவர் ரப்பர் ஷீட் காயவைக்கும் புகை அறையில் ஒரு மூலையில் பரப்பி வைக்கலாம் என்றார், நானும் கேட்டேன். அந்த ஆண்டுப் பானத்தை யாரும் குடிக்கவில்லை. பச்சையாகவே கழுவி உறைபெட்டியில் வைத்துவிடுங்கள், ஆறு மாதம் இருக்கும்.

அடுத்து மசாலா. ஜமைக்காக்காரர்கள் போடுவது இஞ்சி, கிராம்பு, பிமென்டோ, ஆரஞ்சுத் தோல். சில வீடுகளில் பட்டை. இந்தப் பிமென்டோ என்ன என்று தேடிக்கொண்டிருந்தபோது அது எங்கள் வீட்டு முற்றத்திலேயே நிற்கிறது என்று தெரிந்தது. எல்லைக்கு இரு பக்கமும் சர்வசுகந்தி என்று பிரியாணிக்கும் நெய்ச்சோற்றுக்கும் இலை பறிக்கிறோமே, அதே மரம். மிளகு என்று எண்ணி ஸ்பானியர்கள் அதற்குத் தங்கள் மொழி மிளகின் பெயரையே வைத்துவிட்டார்கள். ஒரே காயில் கிராம்பு, பட்டை, ஜாதிக்காய் மூன்றும் மணக்கும். நம் வீட்டு மரங்களில் பல காய்ப்பதே இல்லை. கவலை வேண்டாம், இலையே போதும். பத்துக் காய் போடும் இடத்தில் முற்றிய பச்சை இலை இரண்டைக் கையால் கசக்கிப் போடுங்கள்.

கிராம்புக்கு நாம் எங்கும் போக வேண்டாம். மாறாமலைப் பக்கத்து மலைத்தோட்டங்களில் விளையும் கன்னியாகுமரிக் கிராம்புக்கு 2021இல் புவிசார் குறியீடே கிடைத்திருக்கிறது. நல்ல கிராம்பை நகத்தால் கீறினால் எண்ணெய் கசியும். தண்ணீரில் போட்டால் தலை மேலாக நிமிர்ந்து மிதக்கும் அல்லது மூழ்கும். படுத்தபடி மிதப்பது எண்ணெய் எடுத்த சக்கை. நல்ல சரக்கைக் கையில் வைத்துக்கொண்டு தாராளமாகப் போட்டுவிடக் கூடாது என்பதுதான் சிக்கல். கிராம்பின் எண்ணெய்தான் பல்வலிக்கு மரத்துப்போகச் செய்வது. சர்வசுகந்தியிலும் அதே எண்ணெய் உண்டு. இரண்டையும் கைநிறையப் போட்டால் விருந்தினர் நாக்கு மரத்து, கேக்கின் ருசி தெரியாமல் உட்கார்ந்திருப்பார்கள்.

பட்டையில் கவனம். கடையில் தடித்த ஒற்றைச் சுருளாகக் கிடைப்பதை இரவு முழுக்க ஊறவிட்டால் பானம் கொழகொழப்பாகும், காரமும் தூக்கும். புகையிலைச் சுருட்டு மாதிரி மெல்லிய அடுக்குகளாக இருக்கும் கறுவாப்பட்டை நல்லது, அதுவும் விரல் நீளம் போதும். எந்த மசாலாவையும் பொடிக்க வேண்டாம், கலங்கிவிடும். இஞ்சி மட்டும் கஞ்சத்தனம் பார்க்காமல், தோலோடு கழுவி அம்மியில் நசுக்கிப் போடுங்கள். சுக்கு போட்டுப் பார்த்தேன். சுக்குக்காப்பியின் வாசனை வந்துவிட்டது. அந்த வாசனைக்குச் சுக்குக்காப்பியே இருக்கிறது. சீரகம், பெருஞ்சீரகம், துளசி என்று இணையத்தில் எல்லாவற்றையும் சேர்க்கச் சொல்கிறார்கள். ஒரு பானத்தில் ஐந்துக்கு மேல் வாசனை இருந்தால் ஒன்றும் வாசனையாக இருக்காது. நிறத்துக்காகப் பதிமுகம் சேர்க்கும் யோசனையும் ஒருவர் சொன்னார். இந்தத் தோட்டுக்கு நிறம் கடன் வாங்க வேண்டிய நிலை இல்லை.

அளவுக்கு வருவோம். பத்துப் பேருக்கு: உலர்ந்த தோடு 60 கிராம் (பச்சையென்றால் காய் நீக்கியது அரைக் கிலோ), தண்ணீர் இரண்டேகால் லிட்டர், இஞ்சி 60 கிராம், கிராம்பு 6, சர்வசுகந்திக் காய் 10 அல்லது இலை 2, கறுவாப்பட்டை ஒரு விரல் நீளம், ஒரு ஆரஞ்சின் மேல்தோல் மட்டும், சர்க்கரை 280 கிராம். ஆரஞ்சுத் தோலின் உட்புற வெள்ளையைச் சீவி எறிந்துவிடுங்கள். ஒரே இரவில் எல்லாவற்றையும் கசப்பாக்கும் ஆற்றல் அதற்கு உண்டு.

செய்முறையில் முக்கியம் ஒன்றுதான்: தோட்டைக் கொதிக்கவிடாதீர்கள். உங்கள் ஒத்திகையில் நான் கண்ட ஒரே கைப்பிழை அந்த அரை மணி நேரம். அந்தச் சிவப்பு நீண்ட சூட்டைத் தாங்காது; பழுப்பு தட்டும், ருசியும் வெந்த காய்கறி மாதிரி ஆகும். அதில் பெக்டின் வேறு இருக்கிறது. சர்க்கரையோடு சேர்த்துக் காய்ச்சினால் ஜாம் ஆகிவிடும் அளவுக்கு இருக்கிறது (இதிலிருந்து ஜாம் எடுக்கவும் செய்கிறார்கள்). ஆகவே சூடு மசாலாவுக்கு, நேரம் தோட்டுக்கு.

உலர்ந்த தோட்டை முதலில் ஒரே முறை, சட்டென்று குளிர்ந்த தண்ணீரில் அலசி எடுங்கள், மணல் போகட்டும். ஊறவிட்டுக் கழுவினால் சிவப்பெல்லாம் தொட்டிக்குப் போய்விடும். தண்ணீரில் இஞ்சியையும் மசாலாவையும் போட்டு, மூடி, பத்து நிமிடம் மெல்லக் கொதிக்கவிடுங்கள். அடுப்பை அணைத்து இரண்டு நிமிடம் பொறுங்கள். பிறகு தோட்டையும் ஆரஞ்சுத் தோலையும் உள்ளே தள்ளி, ஒரு மரக்கரண்டியால் அமுக்கி மூடிவையுங்கள். முதலில் ஒவ்வொரு தோட்டின் அடியிலிருந்தும் சிவப்பு ஒரு நூலாக இறங்கும். அந்த நூல்கள் ஒன்றோடொன்று பின்னி, எண்ணி இருபது நொடிக்குள் பாத்திரத்தின் அடி தெரியாமல் போய்விடும். கூடவே வருகிற ஆவியில் மாங்காய்த் துண்டும் இஞ்சியும் கலந்த மாதிரி ஒரு வாசனை. இதற்காகவே நான் மூடியைத் திறந்து திறந்து பார்ப்பேன். நீங்கள் பார்க்க வேண்டாம், வாசனை வீட்டுக்குள்தான் போகும், பானத்துக்குள் வராது.

இரவு எட்டு மணிக்கு ஊறப்போட்டால் காலை ஆறு மணிக்கு வடிகட்டலாம். நம் ஊர்ப் புழுக்கத்தில் பன்னிரண்டு மணி நேரத்துக்கு மேல் வெளியே விடக்கூடாது. நனைத்துப் பிழிந்த மெல்லிய பருத்தித் துணியில் ஊற்றி, தானாக வடியவிடுங்கள். துணியை முறுக்கிப் பிழிந்தால் இன்னும் ஒரு தம்ளர் கிடைக்கும். அந்த ஒரு தம்ளர் மற்ற பத்துத் தம்ளரையும் கலக்கிவிடும். இந்த நேரத்தில் ருசி பார்த்தால் முகம் கோணும். பயந்து தண்ணீர் ஊற்றிவிடாதீர்கள். சர்க்கரையைக் கொஞ்சம் வெந்நீரில் கரைத்துப் பாகாக்கி, முக்கால் பங்கை ஊற்றிக் கலக்கி, ஃபிரிட்ஜில் வைத்துவிடுங்கள். மீதிக் கால் பங்கு மறுநாளைக்கு. ஒரு நாள் கழித்துக் குடித்தால் கூர்மை மழுங்கி, இஞ்சி முன்னால் வந்து நிற்கும். அப்போது நாக்கு சொல்வதைக் கேட்டு மீதியைச் சேருங்கள்.

கருப்பட்டி போடலாமா என்று அடுத்து கேட்பீர்கள், இந்தப் பக்கத்தில் யாரும் கேட்காமல் விட்டதில்லை. போட்டேன். சிவப்பு போய்ச் செங்கல் கரைத்த தண்ணீர் மாதிரி ஆனது, ருசி முழுக்கக் கருப்பட்டியின் வசம் போனது. பனங்கற்கண்டு பொருந்துகிறது, நிறமும் கெடவில்லை. நாற்பது பேருக்கு என்றால் செலவைப் பார்த்துக்கொள்ளுங்கள். மார்த்தாண்டம் தேன் கையிருப்பில் இருந்தால் பானம் நன்றாக ஆறிய பிறகு சர்க்கரையில் கால் பங்குக்கு ஈடாகச் சேர்க்கலாம். தேன் மட்டும் போட்டுச் செய்வது வீண்.

நாற்பது பேருக்கு எல்லாவற்றையும் நான்கால் பெருக்குங்கள், கிராம்பையும் பட்டையையும் தவிர. பெரிய பாத்திரம் மெதுவாகத்தான் ஆறும். நாலு மணி நேரம் கழித்தும் கை வைக்க முடியாத சூடு இருக்கும். அவ்வளவு நேரமும் மசாலா இறங்கிக்கொண்டே இருக்கும். எனவே 250 கிராம் தோடு, 9 லிட்டர் தண்ணீர், கால் கிலோவுக்குக் கொஞ்சம் குறைவாக இஞ்சி, சர்க்கரை ஒரு கிலோவும் நூறும். கிராம்பு மட்டும் 16, பட்டை மூன்று விரல். இதில் ஏழரை, எட்டு லிட்டர் தேறும். ஆளுக்கு ஒரு சிறு தம்ளர் சரியாக வரும். இரண்டாவது தம்ளர் கேட்பவர்களை நினைத்தால் இன்னொரு பத்துப் பேர் அளவு கூட்டிக்கொள்ளுங்கள்.

பாத்திரம் எவர்சில்வராக இருக்கட்டும், அல்லது கண்ணாடி. இதை நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணம், ஒரு வருடம் எங்கள் தெருக் கிறிஸ்துமஸ் விழாவுக்கு இருபது லிட்டர் செய்ய வீட்டில் பெரிய சருவம் இல்லாமல், சமையற்காரர் ஒருவரிடம் அலுமினிய அண்டா இரவல் வாங்கினேன். இரவு மூடிவைக்கும்போது மாணிக்கச் சிவப்பு. காலையில் மூடியைத் திறந்தால் நாவற்பழ ஊதா. தோட்டின் புளிப்பு அலுமினியத்தை அரித்து, கரைந்த உலோகம் நிறமியோடு பிணைந்து, சிவப்பை நீலத்துக்கு இழுத்துவிட்டது. அண்டாவின் உள்பக்கம், பானம் நின்ற மட்டம் வரை சாம்பல் பூத்திருந்தது. வாயில் வைத்தால் பழைய சாவியைச் சப்பியது போல. இருபது லிட்டரையும் தென்னை மூட்டில் ஊற்றினேன். ஈயம் பூசாத செம்பு, பித்தளையும் இதே கதைதான். இந்தப் புளிப்பு அந்தப் பாத்திரங்களுக்குத் தயவு காட்டாது.

இன்னொரு ஆபத்து, பாட்டில். இஞ்சியும் சர்க்கரையும் தண்ணீரும் சேர்ந்த எதுவும் வெளியே இருந்தால் நொதிக்கும். வைன் பரணியில் என்ன நடக்கிறதோ அதேதான். ஃபிரிட்ஜில் ஒரு வாரம் வரை நன்றாக இருக்கும். வெளியே மூடி இறுக்கி இரண்டு நாள் வைத்த பாட்டிலைக் கொழுந்தன் ஒருவர் சாப்பாட்டு மேசையில் திறந்தார். விட்டத்தில் இருந்த கறை வெள்ளையடிக்கும் வரை போகவில்லை. ஜமைக்காவில் பெரியவர்கள் தம்ளரில் ரம் ஊற்றிக்கொள்வார்கள். அதை உங்கள் வீட்டுப் பெரியவர்களிடமே விட்டுவிடுகிறேன். ஊற்றாவிட்டால் பானம் குறைபடாது, குழந்தைகளும் பெரியவர்களும் ஒரே பாத்திரத்தில் அள்ளிக் குடிக்கலாம் என்பதே எனக்குப் பிடித்த விஷயம்.

பரிமாறும்போது ஐஸ் போடுவது உங்கள் விருப்பம். நள்ளிரவில் கரோல் பாடிக்கொண்டு வருபவர்களுக்கு நான் ஐஸ் போடுவதில்லை. கடைசி வீடு வரை அவர்களுக்குத் தொண்டை வேண்டும். மிதமாகச் சூடுபடுத்தி, கொதிக்கவிடாமல், சிறு தம்ளரில் கொடுப்பேன். கூட முந்திரிக்கொத்து, ஏத்தங்காய் வற்றல், அச்சுமுறுக்கு. முந்திரிக்கொத்தின் பயறு மாவும் சர்க்கரையும் வாயில் அடைக்கும் நேரத்தில் இந்தப் புளிப்பு இறங்குவதற்கு ஈடு கிடையாது. பாயசத்தோடு மட்டும் வேண்டாம். அருகருகே வைத்தாலே யாராவது ஒருவர் கலந்துவிடுவார், பால் திரிந்துவிடும்.

ஒரு செவிலியராகச் சொல்ல வேண்டியது ஒன்று. இது ரத்த அழுத்தத்தைக் கொஞ்சம் குறைக்கும் என்பது உண்மை. 2010இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில் 65 பேரில் ஒரு பாதியினர் தினமும் 3 கோப்பை வீதம் 6 வாரம் குடித்ததில், மேல் அழுத்தம் சராசரியாக 7 புள்ளி இறங்கியது. அதைப் படித்துவிட்டு மாத்திரையை நிறுத்தும் மாமாக்கள் எல்லா வீட்டிலும் உண்டு. அவர்களிடம் சொல்லுங்கள்: நம் விருந்துத் தம்ளர் ஒவ்வொன்றிலும் ஆறு தேக்கரண்டி சர்க்கரை இருக்கிறது. அழுத்தத்துக்கு மாத்திரை எடுப்பவர்கள் பண்டிகைக்கு ஒரு தம்ளர் குடிப்பதில் கெடுதல் இல்லை, ஜாடியைப் பக்கத்தில் வைத்துக்கொள்ள வேண்டாம். கர்ப்பிணிகளுக்கு இதைக் கொடுக்காமல் இருப்பது நல்லது. சர்க்கரை நோயாளிகளுக்குப் பாகு ஊற்றுவதற்கு முன்பே இரண்டு தம்ளர் தனியே எடுத்துவைத்து, குடிக்கும்போது பாதிக்குப் பாதி தண்ணீர் சேர்த்துக் கொடுங்கள்; இஞ்சியும் ஆரஞ்சும் இருப்பதால் குடிக்க முடிகிறது.

கறையைப் பற்றி எழுதாவிட்டால் யாராவது என்னைத் திட்டுவார்கள். வெள்ளை உடுப்போடு வரும் கரோல் பிள்ளைகள் மேல் இது சிந்தாமல் இருக்காது. சிந்தியதும் எல்லோரும் சோப்பை எடுத்துத் தேய்ப்பார்கள், சிவப்புக் கறை அந்த நொடியே சாம்பல் நீலமாகிப் பயமுறுத்தும். உங்கள் ஊதாப் பானத்தில் நடந்ததேதான். சோப்புக்குப் புளிப்பு ஆகாது. முதலில் குளிர்ந்த தண்ணீரில் அலசி, எலுமிச்சை தேய்த்துப் பத்து நிமிடம் விட்டு, மறுபடி அலசி, அதற்குப் பிறகு சோப்பு. வெந்நீர் வேண்டவே வேண்டாம்.

உங்களுக்கு நாள் கணக்கு: 22ஆம் தேதி இரவு ஊறப்போடுங்கள். 23ஆம் தேதி காலை வடிகட்டி முக்கால் சர்க்கரை சேர்த்து ஃபிரிட்ஜ். 24ஆம் தேதி மாலை ருசி பார்த்து மீதிச் சர்க்கரை. இடம் போதாதென்றால் கறி வைக்கும் ஐஸ்பெட்டியைக் கழுவிப் பயன்படுத்தலாம். ஆனால் ஒரு வாரம் முன்பே கழுவிக் காயவையுங்கள், மீன்வாடை இந்தப் பானத்தில் வெகு சீக்கிரம் ஏறும். அதற்கு முன், இந்த வாரமே, பத்துப் பேர் அளவில் பாதி செய்து பார்த்துவிடுங்கள். உங்கள் கிணற்றுத் தண்ணீர் எப்படி நடந்துகொள்கிறது என்று தெரிய வேண்டும். தோட்டின் புளிப்பையும் மீறி நிறம் ஊதாப் பக்கம் சாய்ந்தால் குடிநீர்க் குடத்துத் தண்ணீருக்கு மாறிவிடுங்கள்.

வடிகட்டிய தோட்டை எறியாதீர்கள். புளிப்பு இன்னும் பாதி இருக்கும். கிராம்பு, பட்டை, ஆரஞ்சுத் தோலைப் பொறுக்கி எடுத்துவிட்டு, தோட்டோடு கிடக்கும் இஞ்சியையும் சேர்த்து, வறுத்த வற்றல்மிளகாய், உப்பு, கொஞ்சம் வெல்லம் வைத்து அரைத்து நல்லெண்ணெயில் சுருட்டினால் விருந்து முடிந்த மறுநாள் பழையதுக்குத் துணை. மீன்குழம்புக்கு அது ஆகாது, கிராம்பு வாசனை காட்டிக்கொடுத்துவிடும்.

பச்சைக் காய் கிடைத்தவர்கள் நாலைந்தைப் பறிக்காமல் செடியிலேயே விட்டுவிடச் சொல்லுங்கள். தோடு காய்ந்து பழுப்பாகி, உள்ளே காய் வெடிக்கும் பருவத்தில் விதையை உதிர்த்துச் சாம்பலில் புரட்டி வைத்தால் ஜூன் வரை கெடாது. முதல் மழை விழுந்ததும் கிணற்றடியில் மூன்று குழி, குழிக்கு மூன்று விதை, செடிக்குச் செடி மூன்றடி.